தங்க ஆன்டெனாவுக்குச் சுருதி சேர்க்க எது நல்லது?

குடமுருட்டி: தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். புராஜெக்டுக்கு நானோ ஆன்டெனா எடுத்திருக்கிறேன். சில நூறு நானோமீட்டர் நீளத்தில் தங்கக் குச்சி; ரேடியோ ஆன்டெனா போல ஒளியைப் பிடிக்கும். செய்து முடித்தபின் அது பிடிக்கும் அலைநீளத்தை மாற்ற முடியாது. அடியில் நிலைமாறும் பொருளை (சூட்டில் உள்ளமைப்பு மாறி, ஒளியை வளைக்கும் விதமும் மாறுகிற சரக்கு) பூசினால் மாற்றலாம். வனேடியம் டை ஆக்சைடு போதும் என்கிறேன். 68 டிகிரியில் உலோகத் தன்மைக்கு மாறிவிடும். மறுப்பவர் உண்டா?

வெண்ணாறு: உண்டு தம்பி. சூட்டை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமே. மிருதங்கத் தொப்பியில் ரவை அப்பி, கச்சேரி முடிந்ததும் வழித்தெடுக்கிற கதை. ஜிஎஸ்டி போடு. (வரி இல்லை, ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம், திரும்ப எழுதும் டிவிடியில் இருந்த சரக்கு.) நம்மூர் வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி ஆறவிட்டால் அங்கேயே நிற்கிறதல்லவா? இதுவும் அப்படித்தான். 150 டிகிரி வாக்கில் படிகமாகும், ஒளிவிலகல் எண் 4-லிருந்து 6-க்கு மேல் போகும். அப்புறம் கரண்டே வேண்டாம்.

குடமுருட்டி: நிற்கும் அண்ணே, திரும்பி வர வேண்டாமா? 600 டிகிரிக்கு மேல் உருக்கி, சில நானோ நொடியில் ஆறவைத்தால்தான் பழைய நிலை. தங்கம் 1064-ல்தான் உருகும் என்பீர்கள். அது கட்டித் தங்கத்துக்கு. இத்தனூண்டு குச்சிக்கு அதற்கு வெகு முன்பே முனை மழுங்கும். மெட்டை நகர்த்த வீணையையே அடுப்பில் வைப்பதா?

வெண்ணாறு: நடுவில் மெல்லிய காப்புப் படலம் கொடுத்தால் கொஞ்சம் தாங்கும். படிக்காமல் பேசாதே.

அரசலாறு: சண்டை இருக்கட்டும். தம்பி, எந்த அலைநீளம்?

குடமுருட்டி: 1550 நானோமீட்டர், அக்கா.

அரசலாறு: அப்படியானால் இருவர் சரக்கும் ஒளியைக் குடிக்கும். உலோகமான வனேடியம் ஆக்சைடும் சரி, படிகமான ஜிஎஸ்டியும் சரி, ஒத்ததிர்வு முகட்டை, அதாவது ஆன்டெனா ஒளியை நன்றாகப் பிடிக்கும் உச்சத்தை, அகலமாக்கி அமுக்கிவிடும். ஆன்டிமனி சல்ஃபைடைப் பாருங்கள். அங்கே இழப்பு மிகக் குறைவு. விலகல் எண் மாற்றமும் குறைவுதான், அதை மறைக்கவில்லை.

வெண்ணாறு: அதற்கும் உருக்கித்தானே ஆக வேண்டும்? சரி, தம்பி, நானோ நொடியில் உருக்கி ஆறவைக்க உங்கள் லேபில் பல்ஸ் லேசர் இருக்கிறதா?

குடமுருட்டி: ஹாட் பிளேட் இருக்கிறது. அதுவும் பாட்டனி டிபார்ட்மெண்டில் கேட்டு வாங்க வேண்டும்.

வெண்ணாறு: அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? 68 டிகிரிக்கே போ.