வட்டக்கச்சி வேம்பில் ஒரு ஆர்ச்டொப் கிற்றார்

வட்டக்கச்சியிலிருந்து:

கையால் செய்த இசைக்கருவியோடு பழகியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன், சற்று நீளும். நான் நீர்ப்பம்பி திருத்துகிறவன். வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில், நான்கு ஆண்டுகள், வேலை முடிந்த மாலைகளில் உட்கார்ந்து ஓர் ஆர்ச்டொப் கிற்றார், அதாவது மேற்பலகை வயலினைப் போல வளைந்த கிற்றார், செய்தேன்.

ஏன் அந்த வகை என்று பலர் கேட்டார்கள். தொண்ணூறுகளில் வன்னியில் போருக்குள் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சாதாரணக் கிற்றார் ஒன்று இருந்தது. முப்பது பேர் வாய் திறந்ததும் அதன் ஒலி அடங்கிப்போகும். வாசிக்கும் அண்ணையின் கை அசைவது மட்டும் தெரியும். பெருக்கி இல்லாமலே கூட்டத்தின் நடுவில் கேட்கக்கூடிய கிற்றார் உண்டு என்று வளர்ந்தபின் அறிந்தபோது, அந்த அண்ணையின் கைதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவிலும் சிக்கல் இதுவேதான். ஊதுகருவிகள் நிறைந்த நடன இசைக்குழுக்களில் கிற்றார் கேட்கவில்லை. கருவி செய்பவரான ஓர்வில் கிப்சன் அதற்கு முன்பே வயலினைப் போல மேற்பலகையைச் செதுக்கிக் காட்டியிருந்தார். கிப்சன் நிறுவனத்தில் லொயிட் லோர் பொறுப்பில் 1922இல் வந்த எல்-5 கிற்றாரில் எஃப் வடிவத் துளைகளும் சேர்ந்தன. சாதாரணக் கிற்றாரில் பாலத்தைப் பலகையோடு ஒட்டிவிடுவார்கள். தந்திகள் அதை இழுக்கும். இதிலோ பாலம் ஒட்டப்படாமல் பலகைமேல் நிற்கும். தந்திகள் பாலத்தில் ஏறி இறங்கி அடிப்பக்கத்து வால்துண்டில் கட்டப்படும். ஏறத்தாழ 70 கிலோ இழுவையில் ஒரு பங்கு பாலத்தின் வழியே பலகையைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்குத்தான் வளைவு. ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைக்கும் மலிவு வகையும் உண்டு. எனக்கு அது வேண்டாம். ஓர் அங்குலத் தடிப்பான மரத்தை உள்ளும் புறமும் செதுக்கி, ஓரங்களில் மூன்று மில்லிமீற்றர் வரை கொண்டுவர வேண்டும் என்பதே ஆசை.

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் வேண்டும். அது நம் நாட்டு மரமல்ல. 2016இல் ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தி, சூட்கேசில் சேலைகளுக்கு நடுவே இரண்டு துண்டுகள் கொண்டுவந்தார். பின்பலகைக்கு மேப்பிள் என்பதே வழக்கம். நான் எங்கள் முற்றத்து வேம்பை நம்பினேன். கிற்றார் கழுத்துக்கு உலகமெங்கும் பயன்படும் மகோகனியும் வேம்பும் ஒரே தாவரக் குடும்பம். புயலில் சரிந்த அந்த மரத்தை மரக்காலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மரக்காலைக்காரர் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து மரத்தில் வாள் வைக்க மாட்டேன் தம்பி" என்று திருப்பிவிட்டார். கடைசியில் வயதான ஆசாரியார் ஒருவரும் நானும் இரண்டு பேர் இழுக்கும் வாளால் மூன்று நாள் அறுத்தோம்.

மரக்காலைக்காரர் சொன்னது சரிதான். பின்பலகையின் உட்புறத்தைக் குடைந்து ஏழு மில்லிமீற்றருக்கு வந்திருந்தேன். மாலை வெளிச்சம். குழி உளி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று "கிரீச்" என்று நின்றது. உளியின் வாய் பிறை போலப் பெயர்ந்திருந்தது. மரத்தில் சுண்டுவிரல் நகமளவு இரும்பு. சுற்றிலும் நீலக் கறுப்பாகக் கறை, நார் வழியே இரண்டு அங்குலத்துக்கு ஓடியிருந்தது. செல் துண்டு, எறிகணைச் சிதறல். 2009இல் நாங்கள் விசுவமடுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது இந்த மரம் வாங்கியது. மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்ததால் வெளியே அடையாளமே இல்லை. அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை. அடுத்த நாள் இரும்பைத் தோண்டி எடுத்து, அதே வேம்பில் முளை செய்து அடைத்தேன். கறையை அப்படியே விட்டேன். இடதுபக்க எஃப் துளையால் எட்டிப் பார்த்தால் இன்றும் தெரியும்.

பக்கப் பலகைகளை இரண்டு மில்லிமீற்றருக்குச் சீவி, சிரட்டைக் கரி நிரப்பிய இரும்புக் குழாயில் வைத்து வளைத்தேன். வேம்பின் நார் நேராக ஓடாது, மூன்று முறிந்தன.

மேற்பலகையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தடிப்பு குறையக் குறைய அளவுகோலின் உதவியும் குறைந்துகொண்டே போகிறது. பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, மணிக்கட்டைத் தளர்த்தி, விரல் மொளியால் தட்ட வேண்டும். தடித்த பலகை கதவைத் தட்டியதுபோல் "டக்" என்று முடிந்துவிடும். ஓரத்தில் பழைய வாளின் தகட்டால் நாலு சுரண்டல், மறுபடி தட்டல். ஒரு மாலை, எத்தனையாவது சுரண்டலோ, பலகை "டும்ம்" என்று இழுத்துப் பதில் சொன்னது. அடுப்படியில் நின்ற அம்மா யார் வந்தது என்று கேட்டார். அங்கே நிறுத்தினேன்.

விரற்பலகை கருங்காலி. அது அம்மம்மாவின் உலக்கை. 2010இல் திரும்பி வந்து கிணறு இறைத்தபோது அடிச்சேற்றில் கிடந்தது. கருங்காலி தண்ணீரில் மிதக்காது. காய்ந்தபின் ஒரு முனையில் வெடித்து இடிக்க உதவாமல் போனதால் அம்மாவே தந்தார். நடுவில் பிளந்தால் 57 மில்லிமீற்றர் அகலப் பலகை சரியாகக் கிடைத்தது. தந்தி நீளம் 648 மில்லிமீற்றர். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் கட்டை (சுரம் பிரிக்கும் உலோகக் கம்பி) 36.37இல் வரும், மீதியை மறுபடி வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது 324இல், சரி பாதியில் விழும். வாய்ப்பாடு சொல்லும் பையனைப் போல உரக்கச் சொல்லிக்கொண்டே அறுத்தேன்.

என் பெரிய பிழையையும் சொல்கிறேன். அவசரப்பட்டுக் கார்த்திகை மழையில் பெட்டியை மூடினேன். ஈரம் குடித்து அகன்றிருந்த பலகையைப் பக்கங்களோடு ஒட்டிப் பூட்டியாயிற்று. அடுத்த ஆடியில் சோளகக் காற்று வரட்டி எடுத்தது; பலகை சுருங்க இடமில்லாமல் வலது துளையிலிருந்து அடிவரை வெடித்தது. நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்டு எழுந்தேன். நல்ல வேளையாக, ஆசாரியாரின் சொல் கேட்டு, தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையில் ஒட்டியிருந்தேன். வச்சிரம் ஈரச் சூட்டுக்கு இளகும். சூடாக்கிய மெல்லிய கத்தியால் ஓரத்தை விலக்கி மேற்பலகையை முழுதாகக் கழற்றிவிட்டேன். வெடிப்பை ஒட்டி, உள்ளே சிறு ஸ்புரூஸ் துண்டுகளைக் குறுக்கே வைத்து, 2021 சோளகத்திலேயே மறுபடி மூடினேன். அதன்பின் வெடிக்கவில்லை. இங்கே யாராவது செய்ய நினைத்தால், மாரியில் செதுக்குங்கள், கழுத்தைச் சீவுங்கள், பெட்டியை மட்டும் மூடாதீர்கள்.

மல்லாவியிலிருந்து:

உங்கள் உளிக்கு நேர்ந்ததை வாசித்தபோது என் அப்பாவின் பட்டறைதான் கண்முன் வந்தது. பனையிலும் முதிரையிலும் எத்தனை வாளின் பல் போயிருக்கிறது! நாங்கள் இப்போது பலகையின்மேல் நூலில் ஒரு காந்தத்தைக் கட்டி மெல்ல நடத்திப் பார்க்கிறோம். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் போதும். செல் துண்டு இருந்தால் நூல் சரியும். ஈயச் சன்னத்துக்கு அசையாது, அதை உளிதான் கண்டுபிடிக்கும்.

கிளிநொச்சியிலிருந்து:

அந்தக் கிற்றாரை நான் வாசித்திருக்கிறேன். 2022 தவக்காலம், மணிக்கணக்கில் மின்வெட்டு. ஒலிபெருக்கி இல்லை, மின்விசிறி இல்லை, மெழுகுதிரிகள் மட்டும். இவர் அதை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். கழுத்து அகலம், என் விரலுக்குக் கொஞ்சம் சிரமம். ஆனால் முதல் தட்டலில் ஒலி முன்னால் பாய்ந்தது. சாதாரணக் கிற்றாரைப் போல நீண்டு மயங்கி நிற்காது; சட்டென்று எழுந்து சட்டென்று ஒதுங்கும், அதனால் பாட்டின் சொல்லை மூடவில்லை. கடைசி வாங்கில் இருந்த முதியவர்கள் தாளம் தப்பாமல் பாடினார்கள். முடிந்தபின் பார்த்தால் இவர் வெளியே மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறதா என்று பார்க்கப் போனாராம்.

ஒரு கேள்வி: உலக்கையின் மீதி என்ன ஆயிற்று?

வட்டக்கச்சியிலிருந்து:

மாமரத்தடிவரை கேட்டது. படலையடியில் நின்றால் கேட்கவில்லை. அடுத்ததன் பெட்டியை இன்னும் பெரிதாக, 17 அங்குல அகலத்தில் செய்யப்போகிறேன்.

உலக்கையில் பாலத்துக்கும் வால்துண்டுக்கும் எடுத்தது போக வெடிக்காத முனை, பூணோடு, இரண்டு முழம் மிஞ்சியது. கைப்பிடி பிடிக்கச் சீவிக் கொடுத்தேன். அம்மா அதில்தான் மிளகாய் இடிக்கிறார்.