'டிச்சிங்': கடலிறக்கமா, நீரிறக்கமா, நீரமர்த்தலா?

மண்டபத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கரையோர ஊர்களுக்கான விமான மீட்புச் சொற்பட்டியலில் 'டிச்சிங்' (ஆபத்தில் விமானத்தை விமானி தெரிந்தே தண்ணீர்மேல் இறக்குவது) என்பதற்குக் 'கடலிறக்கம்' என்று போட்டிருக்கிறோம். 'நீரிறக்கம்' என்று மாற்றலாமா என்று தம்பி கேட்டிருந்தார். இரண்டுமே வேண்டாம் என்கிறேன்.

நம் கரையில் 'வள்ளத்தைக் கடல்ல இறக்கியாச்சு' என்றால் நல்ல சேதி. புது வள்ளத்துக்குப் பூசை போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். 'நீர் இறங்குது' என்றால் வற்றம், கடல் உள்வாங்குவது. விமானத்தில் உயிருக்குப் போராடும் நேரத்துக்கு இந்த இரண்டு சொல்லையும் வைத்தால், முதலில் உதவிக்குப் போக வேண்டிய மீனவருக்கே சேதி குழம்பும்.

பத்திரிகைகள் வழக்கமாக எழுதும் 'கடலில் விழுந்தது' என்பது இன்னும் மோசம். விழுவது வேறு, இது வேறு. எஞ்சின் நின்றுவிட்டது, அல்லது எரிபொருள் தீர்ந்துவிட்டது. எந்த ஓடுதளத்துக்கும் எட்டாது. ஆனால் விமானம் இன்னும் விமானி கையில் இருக்கிறது. அவர் தெரிந்தே தண்ணீரைத் தேர்ந்து, வேகத்தைக் குறைத்து, இறக்கையை மட்டமாகப் பிடித்து வைக்கிறார். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் ஏர்பஸ் ஏ320 வந்தது அப்படித்தான். வாத்துக்கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் செயலிழந்தன, இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அதை 'விழுந்தது' என்று எழுதினால் விமானி செய்த வேலையே சொல்லிலிருந்து காணாமல் போகிறது.

என் பரிந்துரை: நீரமர்த்தல். கஞ்சிரங்குளம் கண்மாயில் கூழைக்கடா வந்து அமர்வதைப் பாருங்கள். தலை தூக்கி, பின்புறம் தாழ்ந்து, தண்ணீரை உரசிக்கொண்டே போய் நிற்கும். ஏ320 விமானத்துக்கும் மூக்கு சுமார் 11 பாகை மேலே இருக்க, வால் பக்கம் முதலில் தொட வேண்டும். ஒரு வித்தியாசம்: பறவை காலை நீட்டும், விமானம் சக்கரத்தை உள்ளேயே வைத்திருக்கும். சக்கரம் நீட்டியிருந்தால் தண்ணீர் அதைப் பிடித்து இழுத்து விமானத்தைக் குப்புறத் தள்ளிவிடும்.

இராமநாதபுரத்திலிருந்து:

ஐயா, நீரமர்த்தல் நன்றாக இருக்கிறது. கடல்விமானம் வழக்கமாகத் தண்ணீரில் இறங்குமே, அதோடு குழம்பாதா என்று யோசித்தேன். குழம்பாது. கடல்விமானம் தானே 'அமர்கிறது', இங்கே விமானி 'அமர்த்துகிறார்'. தன்வினை, பிறவினை வேறுபாடே வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு 'நீரமர்வு' என்று வைத்துக்கொள்ளலாம்.

பொருள்விளக்கத்தில் அலையைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். தொலைவிலிருந்து நீண்டு மடிந்து வரும் அலை வேறு, அந்தந்த இடத்துக் காற்று எழுப்பும் சில்லலை வேறு. முன்னதை 'நெடுந்திரை' என்று குறிப்போம். நெடுந்திரை பலமாக இருந்தால் காற்று குறுக்கே அடித்தாலும் பரவாயில்லை, அதன் முதுகுக்கு இணையாகத்தான் அமர்த்த வேண்டும். எதிரே போனால் சுவரில் முட்டியதுபோல் ஆகும். கச்சான் காற்றுக் காலத்தில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கமும் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும்.

அடுத்த சொல் 'டிச்சிங் பட்டன்'. ஏ320 விமானியின் தலைக்கு மேலுள்ள பலகையில் இருக்கிறது. அமுக்கினால் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடும். 'துவாரமடைப்பு விசை' என்று பட்டியலில் இருப்பது சரியே. ஹட்சனில் சரிபார்ப்புப் பட்டியல் அந்த வரிக்கு வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, அதனால் அமுக்கப்படவில்லை. அமுக்கியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அடிப்பகுதி கிழிந்துதான் பின்பக்கம் நீர் புகுந்தது, பின் கதவுகளைப் பயன்படுத்த முடியவில்லை.

எனக்கு உண்மையான கவலை, பயணிகளைப் பார்த்துக் கத்த வேண்டிய சொற்கள். 'பிரேஸ்' (அடி விழுமுன் உடலைத் தயாராக வைக்கச் சொல்லும் ஆணை) என்பதற்குப் 'பிடித்துக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறது. நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, எதைப் பிடிப்பது? மடியில் இருக்கும் பையையும் பிள்ளையின் கையையும் பிடித்து நிமிர்ந்து உட்காருவார்கள். வேண்டியது வேறு: நெற்றி முன் இருக்கையில் படிய வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கைகள் தலையை மறைக்க வேண்டும். ஆகவே 'குனி! குனி!' மரியாதை விகுதி சேர்த்தால் அழுத்தம் கடைசி அசைக்குப் போய் முதல் அசை அமுங்கிவிடும். உயிர் போகும் நேரத்தில் ஒருமையில் அழைத்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வால் ஒரு முறை, மூக்கு ஒரு முறை என்று அடி இரண்டு மூன்று தடவை விழும். அதனால் 'நிற்கிற வரை குனி' என்று முன்னறிவிப்பில் சேர்க்க வேண்டும்.

மிதவைச் சட்டைக்கான வாசகமும் மாற வேண்டும். இப்போது இருப்பது 'உள்ளே ஊதாதீர்கள்'. தமிழில் எதிர்மறை கடைசியில்தான் வரும். இரைச்சலில் காதில் ஏறுவது 'உள்ளே ஊது' மட்டும். இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1996 நவம்பர் 23 சாட்சி. கடத்தப்பட்ட எத்தியோப்பிய போயிங் 767 எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக் கரையருகே தண்ணீரில் இறங்கியது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலில் பிழைத்தவர்களிலும் சிலர் சட்டையை முன்பே ஊதிவிட்டதால் உள்ளே ஏறிய தண்ணீரோடு கூரையில் முட்டி, மூழ்கி வாசலுக்கு வர முடியாமல் போனார்கள். நான் வைக்கும் வாசகம்: 'வாசல் தாண்டு, பிறகு கயிற்றை இழு.' வேண்டாததைச் சொல்லவே கூடாது, வேண்டியதை வரிசையாகச் சொன்னால் போதும்.

'மேடே'யை மொழிபெயர்க்க வேண்டாம். வானொலியில் மூன்று முறை சொல்ல வேண்டிய அழைப்பு அது, எந்த நாட்டுக் காதுக்கும் ஒன்றே. விளக்கத்தில் மட்டும் 'ஆபத்து அழைப்பு' என்போம், 'பான் பான்' (உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது சொல்வது) என்பதற்கு 'அவசர அழைப்பு'. இரண்டையும் 'அவசரநிலை' என்று ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே அவியாங்கா 52 எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். விமானிகள் 'முன்னுரிமை' கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள், 'எமர்ஜென்சி' என்ற சொல்லைக் கடைசிவரை கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை.

பாம்பனிலிருந்து:

எல்லாம் சரிங்க. படகுப் பக்கத்திலிருந்து மூன்று திருத்தம்.

முதலாவது, 'கயிற்றை இழு' வேண்டாம். கடலில் ஆயிரம் கயிறு. கதவில் உள்ள 'சறுக்குமிதவை' (சறுக்கி இறங்கவும் பிறகு மிதவையாகவும் உதவும் காற்றுப்பை) விமானத்தோடு ஒரு கயிற்றால்தான் கட்டியிருக்கும். எல்லாரும் ஏறிய பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். பதற்றத்தில் ஒருவர் அந்தக் கயிற்றை இழுத்துவிட்டால், பாதிப் பேர் வாசலிலேயே நிற்க மிதவை போய்விடும். சட்டையில் இருப்பது சிவப்புப் பட்டைதானே? 'சிவப்பை இழு' என்று போடுங்கள்.

இரண்டாவது, எங்களுக்கான பக்கத்தில் 'விமானத்தை அணுகும் முறை' என்று ஒரு வரிதான் இருக்கிறது. ஆள் தண்ணீரில் இருக்கும்போது விசைப்படகு நேரே போகக் கூடாது, மெதுவாகப் பக்கவாட்டில் அண்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். சுற்றும் விசிறி ஆளையும் அறுக்கும், மிதவையையும் கிழிக்கும். விமான எண்ணெய் தண்ணீர்மேல் படர்ந்திருக்கும், அடுப்பும் பீடியும் அணைந்திருக்க வேண்டும். வலை போட்டிருந்தால் அறுத்து விட்டுவிட்டுப் போக வேண்டும். வலையோடு போனால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம். 1554 எண்ணுக்குக் கடலோரக் காவல்படையிடம் சொல்லும்போது இடம், எத்தனை பேர், நீரோட்டம் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஆள் ஒதுங்குவது நீரோட்டத்தோடுதான், விமானம் தொட்ட இடத்தில் தேடினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, 'அணுகும்' வேண்டாம், 'அண்டும்' என்று எழுதுங்கள். படகில் அதுதான் பேச்சு.

மண்டபத்திலிருந்து:

ஏற்கிறேன். பதிவு இப்படிப் போகிறது:

நீரமர்த்தல்: தரைக்கு எட்ட முடியாத நிலையில், சக்கரத்தை உள்ளடக்கி, நெடுந்திரைக்கு இணையாக, விமானியின் கட்டுப்பாட்டில் விமானத்தைத் தண்ணீர்மேல் வைத்தல். 'விழுதல்' அன்று.

ஆணைகள்: குனி! குனி! (நிற்கிற வரை.) வாசல் தாண்டு. சிவப்பை இழு.

'சறுக்குமிதவை'க்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் விட்டுவைக்கிறேன். ஏ320 விமானத்தில் இறக்கை மேலுள்ள வாசல்களில் சறுக்கு உண்டு, அது மிதவையாகப் பயன்படாது. அந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.