போலோ 1.0 டிஎஸ்ஐ ஸ்டேஜ் 1: கம்பெனி கிளட்ச் தாங்குமா?

வணக்கம் நண்பர்களே. வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), 6 கியர் மேனுவல். கம்பெனி கணக்கு 110 பிஎஸ் குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ஸ்டேஜ் 1 ரீமேப் (வேறு பாகம் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மட்டும் மாற்றுவது) செய்தால் டார்க் 220-ஐத் தாண்டும் என்கிறார் டியூனர். கிளட்ச் கம்பெனி போட்டதுதான். 60,000 கிலோமீட்டர் ஆகிறது, பெரும்பாலும் நகர ஓட்டம்.

கிளட்சுக்குப் பளு குதிரைசக்தி அல்ல, டார்க்தான். அதுவும் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி, பெரிய கியரில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஒரேயடியாக ஏறும் இடம்தான் ஆபத்து. அங்கே வழுக்கினால் சூட்டில் கிளட்ச் டிஸ்க்கின் லைனிங் (உராய்வுப் பரப்பு) கண்ணாடி போலப் பளபளத்துப் பிடிப்பு போய்விடும்.

இப்போது 5-வது கியரில், 2,000 ஆர்பிஎம்மில், லேசான ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்பிஎம் முள் வேகத்தை விட்டுத் தனியாக எகிறவில்லை, அதாவது கிளட்ச் வழுக்கவில்லை. கருகல் வாடையும் இல்லை. ஆனால் இது 175-க்கான தேர்ச்சிதான், 220-க்கு அல்ல.

இதே இன்ஜினில் ரீமேப்புக்குப் பின் கம்பெனி கிளட்ச் எவ்வளவு தூரம் தாங்கியது? 2,500-க்குக் கீழே மட்டும் டார்க்கை 190-க்குள் கட்டுப்படுத்தி மேப் எழுதச் சொன்னவர்கள் உண்டா? மாற்றுவதானால் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தட்டு) சாதாரண வகை ஆர்கானிக் லைனிங் டிஸ்க்கும் போதும் என்பது என் எண்ணம். செராமிக் லைனிங் டிஸ்க் போட்டால் டிராஃபிக்கில் உதறும். கியர்பாக்ஸை இறக்கும்போது ரிலீஸ் பேரிங்கோடு (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடலாமா? அங்கே கசிந்து டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் புது கிளட்சும் வழுக்குமே. கிட் விலை, லேபர் விவரமும் தெரிந்தால் சொல்லுங்கள்.