ஐசன்ஹோவர் கழற்றி வைத்த கண்ணாடி

[பொன்னம்மாள் இல்லம் – குடும்பக் குழு]

நிவேதா: பெரியப்பா, அமெரிக்க அதிபர் வேட்பாளரின் தோற்றத்தைத் தொலைக்காட்சி விளம்பரம் எப்படி உருவாக்குகிறது என்று நாளை வகுப்பில் பேச வேண்டும். எல்லாரும் கென்னடி–நிக்சன் விவாதத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். அது விவாதமே தவிர விளம்பரம் அன்று. நான் எங்கிருந்து தொடங்கலாம்?

பெரியப்பா: 1952 தேர்தலில் தொடங்கு, அம்மா. அதில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஐசன்ஹோவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதி அவர். புகழுக்காக அவருக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. ஆனால் விலைவாசியைப் பற்றி ஒரு குடும்பத் தலைவியிடம் இயல்பாகப் பேசக்கூடியவர் என்ற தோற்றம் அவருக்கு இல்லை. மருந்துக்கும் மிட்டாய்க்கும் விளம்பரம் எழுதிப் பெயர் பெற்ற ராசர் ரீவ்ஸ் அந்தத் தோற்றத்தைத்தான் தொலைக்காட்சி விளம்பரங்களில் உருவாக்கிக் கொடுத்தார்.

நிவேதா: அந்த விளம்பரங்களில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். விலை ஏறிவிட்டது என்று ஒரு பெண் புலம்ப, தம் மனைவி மேமியும் அதையே சொல்லித் தம்மைக் கடிந்துகொள்வதாக அவர் விடை சொல்வார். இருவரும் எதிரெதிரே நிற்பதாகத்தான் தெரிந்தது.

பெரியப்பா: நிற்கவேயில்லை. நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே நாளில் அவர் விடைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி போட்டால் வயதானவராகத் தெரிகிறார் என்று அதைக் கழற்றச் செய்து, வெறுங்கண்ணால் படிப்பதற்காக அட்டைகளில் பெரிய பெரிய எழுத்துகளில் வாசகத்தை எழுதிக் காட்டினார்கள். பிறகு ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் என்ற நியூயார்க் அரங்குக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் சிலரைத் தேர்ந்தெடுத்து, முன்பே படமாகியிருந்த விடைக்கு ஏற்ற கேள்வியை அவர்கள் வாயால் கேட்கவைத்து ஒட்டினார்கள். ஒரு பழைய சிப்பாய்க்கு இந்த நிலையா என்று படப்பிடிப்பின்போது ஐசன்ஹோவரே அலுத்துக்கொண்டாராம்.

சித்தி: விடை முதலில், கேள்வி பின்னால்! நல்ல கூத்துதான்.

கார்த்தி: கூத்தோ இல்லையோ, இதனால்தான் வென்றார் என்று சொல்லிவிடாதே, நிவேதா. 48 மாநிலங்களில் 39 அவருக்குக் கிடைத்தன. கொரியப் போரால் மக்கள் சலித்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் ஆட்சியும் இருபது ஆண்டுகளாக நீடித்திருந்தது. விளம்பரமே இல்லாவிட்டாலும் வென்றிருப்பார்.

பெரியப்பா: ஒப்புக்கொள்கிறேன். வெற்றியைவிட, அந்த விளம்பரங்கள் மாற்றிய அளவுகோல்தான் முக்கியம். எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி முழு உரை ஆற்றினார். நேரம் கடந்து, பேச்சு பாதியிலேயே துண்டிக்கப்பட்டதும் உண்டு. நாவன்மை மிக்க ஒருவர், இருபது விநாடி விளம்பரத்துக்குப் பக்கத்தில், முடிக்கத் தெரியாதவராகத் தெரிந்தார்.

கார்த்தி: 1988-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் பட்ட பாட்டையும் சேர்த்துக்கொள். பாதுகாப்பில் உறுதியானவர் என்று காட்டத்தான் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ராணுவ டாங்கியில் ஏறினார். அந்தக் காட்சியையே எடுத்து, எதிர்த்து நின்ற புஷ் தரப்பு அவருக்கு எதிரான விளம்பரமாக்கிவிட்டது.

சித்தி: ஸ்டீவன்சன் அடுத்த தேர்தலிலும் உரைதான் ஆற்றினாரா?

பெரியப்பா: 1956-இல் தம் கட்சி மாநாட்டில், வேட்பாளரைக் காலை உணவுத் தானியம்போல விற்பது ஜனநாயகத்துக்கே இழுக்கு என்று முழங்கினார். அதே ஆண்டு, லிபர்ட்டிவில் ஊரிலுள்ள தம் வீட்டில் எடுத்த விளம்பரமொன்றில், கையில் மளிகைப் பையோடு குடும்பத்தாரிடம் விலைவாசி பேசினார். நிவேதா, வகுப்பில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசு.