புதுப்பிப்பு: 5 கிலோ பிரிஸ்கெட், 14 மணி நேரம்

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நண்பர்கள் பத்துப் பேர் வருகிறார்கள், 5 கிலோ பிரிஸ்கெட்டை (மாட்டின் நெஞ்சுக் கறி) எப்போது புகையில் வேக ஏற்றுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். முந்தின இரவே ஏற்றச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, அதுதான் காப்பாற்றியது.

டெக்சாஸ் வழக்கப்படி உப்பும் மிளகும் மட்டும் தடவினேன். ஆஸ்டினில் போஸ்ட் ஓக் விறகு சுலபமாகக் கிடைக்கும், அதையே போட்டு நள்ளிரவு 12 மணிக்கு 120 டிகிரி செல்சியஸில் ஏற்றினேன். காலை 7 மணிக்குக் கறியின் உள்சூடு 68-ஐத் தொட்டது, அப்புறம் நாலு மணி நேரம் அசையவே இல்லை. தணலைக் கூட்டக் கை பரபரத்தது. ஆனால் நீங்கள் சொன்னது சரி: கறியின் மேல் ஈரம் ஆவியாகும்போது, வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது போல, போடுகிற சூட்டையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்கிறது. 11 மணிக்குப் பழுப்புக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றியதும் சூடு ஏறத் தொடங்கி 2 மணிக்கு 95. குத்திப் பார்த்த கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

துண்டில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் (ஐஸ் இல்லாமல்தான்) வைத்தேன், 6 மணிக்கும் கை சுட்டது. நாருக்குக் குறுக்கே பென்சில் கனத்தில் வெட்டிய துண்டு விரலில் போட்டால் இரண்டு பக்கமும் தொங்கியது, அறுந்து விழவில்லை. ஓரங்களில் மட்டும் லேசான கசப்பு. வெள்ளைப் புகை அடங்குவதற்குள் கறியை வைத்துவிட்டேன், அடுத்த முறை மெல்லிய நீலப் புகை வரும்வரை காத்திருப்பேன்.