ஆத்தாவின் தலைத்திவசம்: பத்திரிகைக்கு என்ன எழுதுவது?

பெரியண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். ஆத்தாவின் முதலாண்டு நினைவஞ்சலி விளம்பரத்துக்குப் பத்திரிகையில் இன்று மாலை நாலு மணிக்குள் கேட்கிறார்கள். நான் எழுதியது: "அன்புத் தெய்வமே, எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆனது. உங்கள் நினைவில் வாடும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள்." படம் யாராவது அனுப்புங்கள்.

சோமு (சிங்கப்பூர்): சரி அண்ணே

மீனா: 🙏

சின்னாத்தா: முருகா

கார்த்தி: எந்தப் படம் அம்மான்?

பெரியண்ணன்: மணிவிழாவில் கழுத்திரு நகையோடு எடுத்தது.

மீனா: அந்த ஆல்பம் இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது. சாவி?

பெரியண்ணன்: சென்னையில் என்னிடம்.

சோமு (சிங்கப்பூர்): அந்த அறையில் ஒழுகுகிறது என்று போன மழைக்கே மீனா ஆச்சி சொன்னதே. ஓடு மாற்றியாயிற்றா?

பெரியண்ணன்: அதை அப்புறம் பேசலாம்.

உமையாள் ஆச்சி (மூத்த அக்கா): தம்பி, கோபித்துக்கொள்ளாதே. இந்த வாசகத்தை எந்த வீட்டுத் தாயாருக்கும் போடலாம். நம் ஆத்தா யார் என்று இதில் எங்கே இருக்கிறது? ஆயா வீட்டு ஐயா, ஆத்தாவைப் பெற்றவர், பர்மாவில் சேர்த்ததெல்லாம் 1942-ல் ஜப்பான்காரன் வந்ததோடு பாதியும், 1948-ல் அங்கே நிலச் சட்டம் வந்ததோடு மீதியும் போயிற்று. நம் அப்பச்சி (அப்பா) வீட்டிலும் அதே கதைதான். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் பதித்த வீடு, ஆனால் மாதக் கடைசியில் அரிசிக்குத் திண்டாட்டம். 1964-ல் ஆத்தா திருமயம் பக்கத்துப் பள்ளிக்கு வேலைக்குக் கிளம்பியபோது, செட்டிவீட்டுப் பெண் சம்பளத்துக்குப் போவதா என்று பங்காளிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பத்தாதான் டிபன் கேரியரைக் கையில் கொடுத்து, "நீ போய் வா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். 37 வருடம் முதல் பஸ். அந்த 37 வருடத்துக்கு ஒரு வரி வேண்டாமா?

மீனா: வேண்டும்

சோமு (சிங்கப்பூர்): கட்டாயம் வேண்டும்

பெரியண்ணன்: ஆச்சி, சென்டிமீட்டர் கணக்கில் காசு வாங்குகிறார்கள்.

சோமு (சிங்கப்பூர்): கூடுதல் காசு நான் தருகிறேன் அண்ணே.

பெரியண்ணன்: காசுக்காகச் சொல்லவில்லை.

சின்னாத்தா: சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறது? நம் பழைய ஆளையே சொல்லுங்கள். போன தடவை வந்தவர் வைத்த மண்டி வாயில் வைக்க முடியவில்லை

கார்த்தி: ஆயாவின் வெண்டைக்காய் மண்டி 😢

உமையாள் ஆச்சி: இன்னும் சொல்கிறேன், கேளுங்கள். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. முதல் தட்டைத் தானே வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆத்தா பிள்ளைகளைப் பந்திக்கு உட்கார வைப்பார். ஓய்வு பெறும் வரை அந்த வழக்கம் மாறவில்லை. 1991-ல் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அதில் ஆத்தாவும் உண்டு. அப்போது வயது 48. முழங்காலில் காயத்தோடு வந்தார், மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனார். கல் உடைக்கப் போகிற பெண்களுக்கு ராத்திரியில் அ, ஆ சொல்லிக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை அவரே மிதித்து வருவார்.

கார்த்தி: அந்த சைக்கிள் படம் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?

கார்த்தி: 📷

மீனா: ஐயோ ஆத்தா ❤️

சோமு (சிங்கப்பூர்): இதுதான். இதையே போடுங்கள்.

பெரியண்ணன்: நினைவஞ்சலிக்கு சைக்கிளோடா? ஊரில் என்ன சொல்வார்கள்?

சின்னாத்தா: *(குரல் செய்தி)* அப்பா, ஊர் சொல்வதை உங்கள் ஆத்தா என்றைக்குக் கேட்டது? வேலையில் இருந்த வரைக்கும் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கவில்லை. நகரத்தார் காவடி குன்றக்குடியில் கிளம்பும்போது போய்க் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடும். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தால் முருகனே திருப்பி அனுப்பிவிடுவான் என்று சொல்லும். 2001-ல் ஓய்வு பெற்றது. அடுத்த தைப்பூசத்துக்கே நத்தம் வழியாக என்னோடு நடந்தது. பிள்ளையார் நோன்பும் அப்படித்தான். அரையாண்டுப் பரீட்சைத் தாளெல்லாம் திருத்தி முடித்தால்தான் கோடி வேட்டியில் நூலைப் பிரித்து, மாவில் திரியாக வைத்து ஏற்றி விழுங்குகிற இழை செய்ய உட்காரும். நாங்கள் பசியோடு காத்துக் கிடப்போம்.

மீனா: இழை மாவை நீட்டும்போது ஆத்தா கையில் சிவப்பு மை இருக்கும்.

சோமு (சிங்கப்பூர்): ஆமாம்!

வள்ளி அண்ணமிண்டி (பெரியண்ணன் மனைவி): நான் ஒன்று கேட்கலாமா? உமையாள் ஆச்சி பெயரும் மீனா பெயரும் எங்கே? மகன்கள், மருமகள்கள் என்று போட்டிருக்கிறது. மகள்கள் என்று இல்லையே.

பெரியண்ணன்: வள்ளி, கட்டிக்கொடுத்தபின் அவர்கள் வேறு புள்ளி, வேறு குடும்பக் கணக்கு. அப்பச்சிக்கும் அப்படித்தானே போட்டோம்.

வள்ளி அண்ணமிண்டி: அப்பச்சிக்கு அப்படிப் போட்ட அன்று ஆத்தா ராத்திரி சாப்பிடவில்லை. பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கேட்டதற்கு, "நாலு பிள்ளை பெற்றேன், ரெண்டுதான் அச்சில் வந்திருக்கிறது" என்றார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். இனிமேல் சொல்லலாம்.

சோமு (சிங்கப்பூர்): 😔

மீனா: அண்ணமிண்டி, விடுங்கள். எனக்குப் பெயர் வர வேண்டும் என்று இல்லை.

வள்ளி அண்ணமிண்டி: எதற்கு விட வேண்டும் மீனா? கடைசி வருடங்களில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு மதுரைக்குக் கூட்டிப் போனது நீ. புள்ளிக் கணக்கு கோயிலுக்கு வரி கட்ட. அழுவதற்கு இல்லை.

சின்னாத்தா: வள்ளி சொல்வது சரி

பெரியண்ணன்: நான் வழக்கத்தைத்தான் சொன்னேன். எனக்கு அது தெரியாது. சரி, மகள்கள் பெயரும் வரட்டும். வரிசை எப்படி?

சோமு (சிங்கப்பூர்): வயது வரிசைதான். முதலில் உமையாள் ஆச்சி.

பெரியண்ணன்: கொள்ளி வைத்தவன் பெயர்தான் முதலில் வரும்.

உமையாள் ஆச்சி: தம்பி பெயரே முதலில் வரட்டும். எனக்கு அந்த ஒரு வரி போதும். எழுதிவிட்டேன்: "37 ஆண்டுகள் கிராமத்துப் பிள்ளைகளின் ஆசிரியை. அறிவொளியில் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொடுத்தவர். முருகனடிமை. நான்கு பிள்ளைகளின் ஆத்தா." இதில் ஒரு சொல்லையும் குறைக்காதே.

மீனா: நான்கு பிள்ளைகளின் 🙏🙏

கார்த்தி: அம்மான், படம் எது என்று சொல்லுங்கள், அளவு வெட்டி அனுப்புகிறேன்.

பெரியண்ணன்: முகம் மட்டும் வருகிற மாதிரி வெட்டு.

சோமு (சிங்கப்பூர்): ஹேண்டில்பாராவது தெரியட்டும் அண்ணே

பெரியண்ணன்: பார்க்கலாம்.

சின்னாத்தா: அன்றைக்குத் திருவாசகம் முற்றோதல் வைக்க வேண்டும். உங்கள் ஆத்தாவுக்குப் பிரியம்

பெரியண்ணன்: சின்னாத்தா, 51 பதிகமும் ஓதி முடிக்கப் பகல் முழுதும் போய்விடும். திவசமும் அன்றுதான். சிவபுராணம் போதும்.

சின்னாத்தா: முதல் நாளே வைத்துக்கொள்ளலாமே

உமையாள் ஆச்சி: முதல் நாள் என்றால் ஆத்தாவிடம் படித்தவர்களும் வருவார்கள். இரும்புக்கடைக்காரர் நேற்றே கேட்டார். வளவில் பாய் விரித்தால் எல்லோரும் உட்காரலாம்.

பெரியண்ணன்: எனக்கு லீவு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலைப் பல்லவன் ரயிலில் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று.

வள்ளி அண்ணமிண்டி: நான் முதல் நாளே வந்துவிடுகிறேன் ஆச்சி. சாவியையும் எடுத்து வருகிறேன்.

சோமு (சிங்கப்பூர்): ஓடு மாற்றுகிறவரை அன்றைக்கே வரச் சொல்லவா?

பெரியண்ணன்: மூன்றரை ஆகிவிட்டது. கார்த்தி, படம்!

கார்த்தி: இரண்டு மாதிரி வெட்டி உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

சின்னாத்தா: முற்றோதலுக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்து எத்தனை இலை என்று சமையல்காரரிடம் சொல்ல வேண்டுமே, யாராவது சொல்லுங்கள் அப்பா