டயாலிசிஸ் செய்பவர்களில் 100க்கு 39 பேருக்கு மனச்சோர்வாம். யார் எண்ணியது?

பிறை மைந்தன்:
நேற்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் பகிர்ந்தது: 'டயாலிசிஸ் செய்பவர்களில் 100க்கு 39 பேருக்கு மனச்சோர்வு. அப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள்.' படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று நாலு மணி நேரம் ஊசி குத்திக்கொண்டு உட்காருகிறவன் நான். எங்கள் மையத்தில் 18 நாற்காலி. இவர்கள் கணக்குப்படி 7 பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரையும் காணோம். பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் கைப்பேசியில் நாடகம் பார்க்கிறார்கள். 39 பொய்.

ஆயர் ஈத்தாம் மலர்:
'ஒருவர்' இல்லை அண்ணே, நான்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த தொகுப்பாய்வில் உள்ள எண் அது. கேள்வித்தாள் கொடுத்தால் 39, நேரில் பேசிக் கணித்தால் 23. மூக்கைச் சிந்தினால்தான் மனச்சோர்வா? என் அம்மா அழவே இல்லை. முதலில் சாமிக்கு விளக்கேற்றுவதை விட்டார், அப்புறம் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறாமல் தடுக்கும் மாத்திரையை விட்டார். இழுப்பறையைத் திறந்தால் மூன்று மாத மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

பிறை மைந்தன்:
ஆக 39 இல்லை, 23. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

ஆயர் ஈத்தாம் மலர்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பாகான் பையன்:
23 என்றாலும் உங்கள் மையத்தில் நாலு பேர் வருகிறதே அண்ணே. அந்த நாலு பேர் யார்?

பிறை மைந்தன்:
தம்பி, அந்தக் கேள்வித்தாளில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சோர்வா, தூக்கம் இல்லையா, பசி இல்லையா. மெஷினிலிருந்து இறங்கினால் பிழிந்து போட்ட துணி மாதிரிதான் கிடப்போம். ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல், உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறினால் வாய் கசக்கும், நாசி கண்டார் சோறும் கறியும் வாங்கி வைத்தாலும் இறங்காது. சிறுநீரகம் செய்கிற வேலையை மனசு தலையில் கட்டி 39 என்கிறார்கள்.

ஆயர் ஈத்தாம் மலர்:
அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்குக் கூடுதல் புள்ளி வந்தால்தான் மனச்சோர்வு என்று எடுக்கிறார்கள். அதை விடுங்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பிறை மைந்தன்:
நோய் முற்றியவன் சோர்ந்து போவான், அவன்தான் முதலில் போவான். இதில் மனசு என்ன செய்தது? முதலில் 39ஐத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் ஒன்றரைக்கு வருகிறேன்.

தண்ணீர்மலை தாத்தா:
மனசு சரியில்லை என்றால் முருகனைப் போய்ப் பாருங்கள். இதற்கெல்லாம் ஆய்வா?

பாகான் பையன்:
தாத்தா, போன வருடம் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறு சிறுநீரகத்துக்கு நல்லது என்று போட்டவர் நீங்கள்தானே? சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது நஞ்சு. விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை கொண்டுபோகும்.

தண்ணீர்மலை தாத்தா:
மலாயில் இரண்டுக்கும் பெலிம்பிங் என்றுதான் பெயர். நான் சொன்னது புளிச்சக்காய். நட்சத்திரப் பழம் இல்லை. சரியாகப் படிக்கவும்.

பாகான் பையன்:
அதிலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆக்சலேட் கொட்டிக் கிடக்கிறது!

ஆயர் ஈத்தாம் மலர்:
2019இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வந்தது. டயாலிசிஸ் நாற்காலியிலேயே உட்கார வைத்துப் பேச்சு சிகிச்சை கொடுத்தார்கள், இன்னொரு பாதிக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. 12 வாரத்தில் மாத்திரை கொஞ்சம் முந்தியது, பக்கவிளைவும் அதில்தான் கூடுதல்.

பிறை மைந்தன்:
எத்தனை பேர்?

ஆயர் ஈத்தாம் மலர்:
120.

பிறை மைந்தன்:
ஹா. 120 அமெரிக்கர்கள். அதில் நம் பினாங்கு பட்டர்வொர்த்காரர் எத்தனை பேர் தங்கச்சி?

பாகான் பையன்:
அண்ணே, என் மாமாவும் உங்கள் மையம்தான். போன சனிக்கிழமை உங்கள் நாற்காலி காலி என்றார். மாதத்தில் ஒரு தடவை விடுகிறவர்களுக்கே இறப்பு அபாயம் 30 விழுக்காடு கூடுதல் என்று பன்னாட்டு ஆய்வில் இருக்கிறது.

பிறை மைந்தன்:
கல்யாண வீடு. உன் மாமா யார், மூன்றாம் நாற்காலியா? ஒவ்வொரு தடவையும் தே ஆய்ஸ் (ஐஸ் தேநீர்) குடித்து நாலு கிலோ தண்ணீர் ஏற்றிக்கொண்டு வருகிறவர். அவர் என்னை எண்ணுகிறாரா?

பாகான் பையன்:
மாமாவை இழுக்காதீர்கள்.

பிறை மைந்தன்:
இழுத்தது நீ.

ஆயர் ஈத்தாம் மலர்:
சனிக்கிழமை யாருக்குக் கல்யாணம் அண்ணே?

பிறை மைந்தன்:
பேச்சு அது இல்லை, 39. காலை 5 மணிக்கு வேன் வந்துவிடும். நாளைக்கு நானே 18 பேரையும் எண்ணிப் போடுகிறேன்.

ஆயர் ஈத்தாம் மலர்:
கேள்வித்தாள் அனுப்பவா?

பிறை மைந்தன்:
வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.